சிக்னலை எடுத்துட்டீங்க, சரி. நடக்கிறவனுக்கு வழி எங்கே?

சொந்தங்களே, கொஞ்சம் நீளமான பதிவு. முழுசா படிச்சுட்டு ஷேர் பண்ணுங்க.

"சிக்னலே இல்லாத கோவை"ன்னு பெருமை பேசுற வீடியோ உங்க டைம்லைனுக்கும் வந்திருக்கும். மேல இருந்து ட்ரோன் ஷாட், பின்னாடி மாஸ் பிஜிஎம், நடுவுல பச்சைப் புல் வச்ச ரவுண்டானா, வழுக்கிட்டுப் போற கார்கள். நானும் அப்படி ஒண்ணை நாலு தடவை ஓட்டிப் பார்த்தேன். அதுல ஒரு மனுஷன்கூட ரோட்டைக் கடக்கல. கடக்க முடிஞ்சாதானே?

முதல்ல நம்ம ஆளுங்களுக்கு ஒரு வார்த்தை. கமெண்ட்ல சிலர் "ரவுண்டானாவே வேஸ்ட்"னு எழுதறீங்க. அது தப்பு. சிவில் படிச்சவனா சொல்றேன், ரவுண்டானா அருமையான கண்டுபிடிப்பு. நாலு ரோடு சேர்ற சாதாரண சந்திப்புல வண்டிங்க ஒண்ணோட ஒண்ணு மோதிக்க வாய்ப்புள்ள புள்ளிகள் 32. ஒத்தை லேன் ரவுண்டானால அது வெறும் 8. ராத்திரி பதினோரு மணிக்கு சிக்னலை மதிக்காம வர்ற லாரி, குறுக்க போற பைக்கை நேரா அடிச்சுத் தூக்குதே, அந்த மாதிரி விபத்துதான் உயிரை எடுக்கும். ரவுண்டானால எல்லா வண்டியும் ஒரே திசையில சுத்துறதால நேருக்கு நேர் மோதல் அநேகமா இல்லாம போயிடும். உரசல் வரும், பம்பர் போகும், உயிர் தப்பும். அமெரிக்காவுல சந்திப்புகளை ரவுண்டானாவா மாத்தி ஆய்வு பண்ணினப்போ, காயம் ஏற்படுற விபத்துகள் முக்கால்வாசி குறைஞ்சது. அங்க கார்மல்னு ஒரு சின்ன ஊர்லயே 150-க்கு மேல ரவுண்டானா இருக்கு. பெட்ரோல் மிச்சம், கரண்ட் போனாலும் வேலை செய்யும். இதையெல்லாம் மறுத்தா நம்மளை யாரும் மதிக்க மாட்டாங்க.

ஆனா அது ரெண்டு விஷயத்தை நம்பித்தான் வேலை செய்யுது. ஒண்ணு, உள்ள நுழையுற வண்டி வேகத்தைக் குறைச்சே ஆகணும், ரோடோட வளைவே அதைக் குறைக்க வைக்கணும். ரெண்டு, ஏற்கனவே சுத்திட்டு இருக்கிற வண்டிக்கு வெளியில இருந்து வர்றவங்க வழிவிடணும். இந்த ரெண்டாவது விதியை பிரிட்டன் 1966-லதான் கறாரா கொண்டுவந்துச்சு. அதுக்கு முன்னாடி அங்கயும் வட்டத்துக்குள்ள வண்டிங்க பூட்டிக்கிட்டு நின்ன கதைதான். நம்ம ஊர் விதியிலயும் வலது பக்கம் இருந்து வர்றவங்களுக்கு வழிவிடணும்னுதான் இருக்கு. நடைமுறையில? யாரு மூக்கை முதல்ல நுழைக்கிறாங்களோ அவங்களுக்கு வழி. "வழிவிடு" பலகை எத்தனை ரவுண்டானால பார்த்திருக்கீங்க? நாலு டிரம்மையும் கான்கிரீட் கட்டையையும் வட்டமா நிறுத்தி, ரிப்பன் வெட்டி, போட்டோ எடுத்துட்டுப் போனா அது ரவுண்டானா ஆயிடுமா?

இன்னொரு கணக்கு. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் (பதறாதீங்க, கட்சி இல்ல, சாலைகளுக்கு விதி எழுதுற அமைப்பு) 1976-லயே சொல்லிட்டாங்க: எல்லாப் பக்கமும் சேர்த்து மணிக்கு சுமார் 3,000 வண்டி வரைக்கும்தான் ரவுண்டானா ஒழுங்கா தாங்கும். அதுக்கு மேல போனா திணறும். சென்னை கத்திப்பாராவே ஒரு காலத்துல ரவுண்டானாதான். தாங்காமத்தான் 2008-ல மேம்பாலம் வந்துச்சு. இப்போ சிக்னலை எடுத்த ஒவ்வொரு சந்திப்புலயும் பீக் அவர்ல எத்தனை வண்டி வருதுன்னு எண்ணினீங்களா? எண்ணியிருந்தா அந்தக் கணக்கை வெளியிடுங்க. நாங்களே கூட்டிக் கழிச்சுப் பார்த்துக்கறோம்.

இப்போ நான் இந்தப் பதிவை எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வர்றேன்.

எங்க அம்மிச்சிக்கு 74 வயசு. ரேஷன் கடை ரோட்டுக்கு அந்தப்பக்கம். சிக்னல் இருந்தவரைக்கும் சிவப்பு விழுந்ததும் பையைத் தூக்கிட்டு மெதுவா கடந்து போயிடும். இப்போ சிவப்பே விழறதில்ல. வண்டி நிக்காம வந்துட்டே இருக்கு. போன மாசம் ஒருநாள் கையைக் காட்டிக்கிட்டே பாதி ரோடு வரைக்கும் போயி, ஒரு பஸ் ஹாரன் அடிச்சதுல பயந்து திரும்பி வந்துடுச்சு. அப்புறம் ஒரு காய்கறிக்காரர்தான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிருக்கார். அன்னைல இருந்து ரேஷன் வாங்குறது நான்தான். "நீ ஊருக்குப் போயிட்டா நான் என்ன சாமி பண்றது"ன்னு கேக்குது. என்கிட்ட பதில் இல்ல.

கார்ல போறவங்களுக்கு சிக்னல்ல ஒண்ணரை நிமிஷம் மிச்சமாச்சு. நல்லது. அந்த ஒண்ணரை நிமிஷம் எங்கிருந்து வந்துச்சு? அம்மிச்சிகிட்ட இருந்து, ஸ்கூல் விட்டு வர்ற பசங்ககிட்ட இருந்து, பஸ் ஸ்டாப்புக்கு ஓடுற மில் தொழிலாளிகிட்ட இருந்து எடுத்தது. யூ-டர்னும் அப்படித்தான். வண்டி அரை கிலோமீட்டர் போயி திரும்பி வந்துடும். நடந்து போறவனும் அரை கிலோமீட்டர் சுத்தி வரணுமா?

பார்வையில்லாதவங்களை நினைச்சுப் பாருங்க. சிக்னல்னா வண்டிச் சத்தம் அடங்குறதை வச்சு கடந்துடலாம். ரவுண்டானால சத்தம் அடங்கவே அடங்காது. இதுக்காகத்தான் அமெரிக்காவுல 2023-ல வந்த நடைபாதை விதிகள்ல, ரெண்டு லேன் இருக்கிற ரவுண்டானால நடக்கிறவங்களுக்கு சிக்னலோ, மேடான கிராசிங்கோ, பட்டன் அழுத்தினா மின்னுற விளக்கோ ஏதோ ஒண்ணு வைக்கணும்னு சொல்லியிருக்காங்க. நம்ம நாட்டுலயும் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-லயே வந்தாச்சு, அவங்க போய்வரக்கூடிய சாலைகளைத் தரணும்னு அதுல இருக்கு. காகிதத்துல.

கேக்கறது பெரிய விஷயம் இல்ல. ரவுண்டானாவுக்குள்ள நுழையுற ஒவ்வொரு ரோட்டுலயும், வளைவுக்கு ஒண்ணு ரெண்டு கார் நீளம் முன்னாடி, மேடான ஒரு கிராசிங். நடுவுல நின்னு மூச்சு வாங்க ஒரு திட்டு. கூட்டம் அதிகமான இடத்துல நடக்கிறவங்களுக்குன்னு மட்டும் ஒரு பட்டன் சிக்னல். மேம்பாலத்துக்கு ஆகுற செலவுல இதெல்லாம் தூசு.

கடைசியா ஒண்ணு, இதுக்கு நம்ம ஆளுங்களே என்னைத் திட்டுவீங்க, பரவாயில்ல. ரவுண்டானா கிடைச்சா உடனே நடுவுல தலைவர் சிலை, சுத்தி கொடிக்கம்பம், பிறந்தநாளுக்கு பேனர். எல்லாக் கட்சியும் பண்ணுது, நாமளும் பண்றோம். பொதுச்சாலையில புதுச் சிலைக்கு அனுமதி தரக்கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் 2013-லயே சொல்லியாச்சு. நாம கட்டுற பேனர் மறைக்கிறது, எதிர்ல வர்ற வண்டியையும் கடக்க நிக்கிற பாட்டியையும்தான். அடுத்தவனைக் கேள்வி கேக்கறதுக்கு முன்னாடி நம்ம வார்டுல இருக்கிறதை நாமளே அவிழ்ப்போம்.

இந்த வாரம் ஒரு வேலை. உங்க ஏரியா ரவுண்டானால காலையில எட்டரை மணிக்கு நில்லுங்க. ஒரு வயசானவங்க இந்தப்பக்கம் இருந்து அந்தப்பக்கம் போக எவ்வளவு நேரம் ஆகுதுன்னு போன்ல டைம் வச்சுப் பாருங்க. அவங்க முகம் தெரியாம வீடியோ எடுங்க. முதல்ல அவங்களைக் கடக்க வச்சுட்டு அப்புறம் போஸ்ட் பண்ணுங்க. இடம், தேதி, நிமிஷம் மூணும் இருக்கணும். எல்லாத்தையும் சேர்த்து மனுவா கொடுக்கப்போறோம்.

#நடக்கவும்_வழிவிடு