மூளை டானிக் இருக்கட்டும், முதல்ல ஈயத்தை நிறுத்துவோம் (த்ரெட்)

1/ போன மாசம் ஓபி-யில் ஒரு அம்மா, கூட நாலு வயசுப் பையன். அடிக்கடி வயித்து வலி, மலச்சிக்கல், மண் தின்கிற பழக்கம், பேச்சும் தாமதம். அம்மா கையில் "ஆன்டிஆக்ஸிடன்ட், மூளை வளர்ச்சிக்கு"ன்னு போட்ட சிரப். "மாசம் எழுநூறு ரூவா ஆகுது சார், இதையே கொடுக்கலாமா?"ன்னு கேட்டாங்க.

2/ அப்பா என்ன வேலைன்னு கேட்டேன். பழைய பேட்டரியை உடைச்சு ஈயம் உருக்குற பட்டறை. அதே சட்டையோட வீட்டுக்கு வந்து பையனைத் தூக்குவாராம். ரத்தத்தில் ஈயம் பார்க்கிற டெஸ்ட் எங்க ஆஸ்பத்திரியில் இல்லை. வெளியே அனுப்பிப் பார்த்தோம். டெசிலிட்டருக்கு 38 மைக்ரோகிராம்.

3/ குழந்தைக்கு 3.5 தாண்டினாலே கவனிக்கணும் என்கிறது அமெரிக்காவின் சிடிசி. "இவ்வளவு வரைக்கும் பாதிப்பில்லை"ன்னு சொல்லக்கூடிய அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். உள்ளே போகிற ஈயத்தில் பெரியவங்களைவிட 4, 5 மடங்கு அதிகமா குழந்தையின் உடம்பு உறிஞ்சிக்கும்.

4/ மூளைக்குள்ள எப்படிப் போகுது? ஈயம் கால்சியம் மாதிரி வேஷம் போடும். கால்சியத்துக்குத் திறக்கிற கதவு இதுக்கும் திறக்கும். நரம்பு செல்கள் ஒன்னோட ஒன்னு பேசிக்கிறது கால்சியத்தை நம்பித்தான். குழந்தை கத்துக்கிற வயசில் அந்தப் பேச்சையே இது குழப்பிவிடும்.

5/ இன்னொரு வழி, ஆக்ஸிஜனேற்றச் சேதம். நம்ம செல்களைக் காக்கிற குளுடாதயோன் என்கிற காவலாளியை ஈயம் ஒட்டிப் பிடிச்சு முடக்கிடும். அதனால விளம்பரம் சொல்றது முழுப் பொய்யில்லை. ஈயம் கொடுத்த எலிகளுக்கு வைட்டமின் சி, ஈ கொடுத்தப்போ சேதம் குறைஞ்சதா ஆய்வுகள் இருக்கு.

6/ ஆனா எலி வேற, நம்ம பிள்ளை வேற. 2001-ல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு: ஈய அளவு 20 முதல் 44 வரை இருந்த 780 குழந்தைகள். பாதிப் பேருக்கு ஈயத்தைப் பிடிச்சு வெளியேத்துற சக்சிமர் மருந்து, மீதிப் பேருக்கு வெறும் மாத்திரை. மருந்து எடுத்தவங்களுக்கு ரத்தத்தில் ஈயம் குறைஞ்சது. மூணு வருஷம் கழிச்சுப் பார்த்தா ஐக்யூவில், நடத்தையில் வித்தியாசமே இல்லை.

7/ ஈயத்தையே வெளியேத்துற மருந்தால மூளைக்கு ஆன சேதத்தைத் திருப்ப முடியலை. எழுநூறு ரூவா சிரப் திருப்பிடுமா? என் கருத்து இதுதான்: ஓட்டைப் பானையில் தண்ணி ஊத்துறதுக்கு முன்னாடி ஓட்டையை அடைக்கணும்.

8/ ஓட்டை எங்கெல்லாம் இருக்கு?
• பேட்டரிப் பட்டறை, பெயின்ட் சுரண்டுற வேலை. குளிச்சு, சட்டை மாத்திட்டு வீட்டுக்கு வாங்க. வேலைத் துணியைத் தனியா துவைங்க.
• உரியுற பழைய பெயின்ட்.
• சில சுர்மா வகைகள்.
• யார் செய்ததுன்னே தெரியாத பற்பம், செந்தூரம்.
• பளிச்சுனு இருக்க லெட் குரோமேட் கலந்த மஞ்சள்.

9/ அப்புறம் நம்ம ஈயச்சொம்பு! தமிழில் ரெண்டு ஈயம். சொம்பு செய்ய வேண்டியது வெள்ளீயத்தில், அதாவது டின். நஞ்சு காரீயம். விலை குறைக்க காரீயம் கலந்த சொம்பில் புளி, தக்காளி கொதிச்சா அது ரசத்தில் கரையும். நம்பிக்கையான இடத்தில் வாங்கினது இல்லைன்னா, அதை ஷோகேஸ்ல வைங்க. ரசம் எவர்சில்வர்லயே வைக்கலாம்.

10/ சரி, சாப்பாட்டுக்கு வேலையே இல்லையா? இருக்கு. இரும்புச்சத்து குறைஞ்சா, இரும்பு உள்ளே வர்ற வாசல் வழியா ஈயம் அதிகமா நுழையும். ரத்தசோகையைச் சரி பண்றதே பெரிய பாதுகாப்பு. கீரை, முட்டை, கேழ்வரகு, பால். கூடவே நெல்லிக்காய், கொய்யா. இரும்புச்சத்து மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். பிள்ளையை வெறும் வயித்தோட விடாதீங்க, அப்போ ஈயம் கூடுதலா ஏறும்.

11/ இதெல்லாம் தனி ஒரு அம்மா மேல போடுற சுமை இல்லை. 2000-த்தில் இந்தியாவில் ஈயப் பெட்ரோலை நிறுத்தினோம். 2017 முதல் வீட்டுப் பெயின்ட்டில் 90 பிபிஎம் உச்சவரம்பு. பங்களாதேஷில் 2019-ல் சந்தை மஞ்சள் மாதிரிகளில் 47% ஈயம் கலந்தது. சோதனை, அபராதம், பிரசாரம் எல்லாம் சேர்ந்து 2021-ல் பூஜ்யம். அரசு இறங்கினா முடியும்.

12/ நான் கேட்கிறது ரெண்டே விஷயம். மாவட்டத் தலைமை மருத்துவமனை எல்லாத்திலும் ரத்த ஈய டெஸ்ட். குடியிருப்புக்கு நடுவுல ஈயம் உருக்குறதுக்கு முடிவு. தொழிலாளியைத் தண்டிச்சு இல்லை, அவருக்குப் பாதுகாப்பான வேலையிடம் கொடுத்து.

13/ அந்தப் பையன்? மருந்து கொடுத்து ஈயத்தை எடுக்கிறது பொதுவா 45-க்கு மேல்தான். அதனால சிரப்பை நிறுத்தினோம், இரும்புச்சத்து ஆரம்பிச்சோம், பேச்சுப் பயிற்சிக்கு அனுப்பினோம். அப்பா இப்போ பட்டறையிலேயே குளிச்சிட்டு வர்றார். போன வாரம் 29. இறங்குது. இழந்ததெல்லாம் திரும்ப வரும்னு அந்த அம்மாகிட்ட என்னால சொல்ல முடியலை. இனிமே இழக்காம இருக்கலாம்னு சொன்னேன்.

உங்க தெருவில் ஈயப் பட்டறை இருந்தா, மண் தின்கிற பிள்ளை இருந்தா, இதை அவங்க வீட்டுக்கு அனுப்புங்க.