சதுரமும் வட்டமும்

சதுரமொன்றுக்குப் பரப்பில் ஒத்த வட்டம் வரைவது எங்ஙனம்? வேத வேள்வியில் இவ்வினா வெறும் விளையாட்டன்று. ஆகவனீயம் என்னும் தீயின் களம் சதுரம். காருகபத்தியத்தின் களம் வட்டம். பரப்போ ஒன்றாதல் வேண்டும். கருவி கயிறும் முளையுமே.

போதாயன சுல்பசூத்திரம் காட்டும் வழி இது: சதுரத்தின் நடுவே முளையறைந்து, மூலைவரை கயிற்றை நீட்டுக. அதனைப் பக்கத்தின் நடுப்புள்ளி நோக்கித் திருப்பினால் ஒரு துண்டு வெளியே மிஞ்சும். அத்துண்டின் மூன்றிலொன்றை அரைப்பக்கத்தோடு கூட்டுக. அதுவே வட்டத்தின் ஆரை. யாம் கணக்கிட்டதில் வட்டம் நூற்றுக்கு 1.7 பங்கே மிகுகின்றது. மண்ணில் கீறுவதற்கு இதனினும் திருத்தம் வேண்டுமோ?

நேர்விளிம்பும் கவராயமும் கொண்டு இதனைப் பிசகின்றிச் செய்தல் இயலாதென்பது 1882ஆம் ஆண்டில் ஜேர்மானியராகிய லிண்டெமனின் நிறுவலால் முடிந்த முடிபாயிற்று. ஆயினும், செய்துவிட்டோமெனத் தாள் கொணரும் மாணாக்கர் இன்றும் உளர். அவரை யாம் கடிவதில்லை. பிழை எவ்வரியில் உள்ளதெனத் தேடுமாறு திருப்பியனுப்புகின்றோம்.