கைப்பக்குவமும் கண்ணாடித் திரையும்

நம் இல்லங்களிலே சமையலைக் கற்பித்த தாய்மார் எவரும் அளவு சொல்லிக் கற்பித்தாரில்லை. "கண் திட்டமாய்த் தண்ணீர் விடு", "வாசம் வந்ததும் இறக்கு" என்பனவே அவர்தம் பாடநூல். இதனையே கைப்பக்குவம் என்கிறோம். தராசும் வெப்பமானியும் கணினியும் அடுப்படிக்குள் நுழையுமிடத்து இக்கைப்பக்குவம் என்னவாகும் என்பதே இவ்வாரம் வாசக அன்பர்களுடன் கூடி நாம் சிந்திக்க விழையும் பொருள்.

2023ஆம் ஆண்டு மார்கழி விடுமுறையில் மெல்பேண் நகரிலே, நம்மிடம் முன்னர் பௌதிகம் பயின்ற மாணவர் ஒருவரின் இல்லத்தில் சில நாட்கள் தங்கியிருந்தோம். அவ்வீட்டு அடுப்படியில் எஸ்பிரெசோக் கோப்பி வடிக்கும் பொறியொன்று இருந்தது. அதில் திருகுகளோ நெம்புகோலோ காணப்படவில்லை. அதன்மேல் டப்லெட் எனப்படும் தட்டைக் கணினி ஒன்று சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. பொறிக்கு இடும் கட்டளை யாவும் அதன் வழியாகவே செல்லும்.

முதல் நாட் காலை மாணவர் இரவு வேலை முடித்து உறங்கிக் கொண்டிருந்தார். அவர்தம் அன்னையார், அறுபதைக் கடந்தவர், நம்மைக் கண்டதும் அடுப்படிக்கு விரைந்தார், பொறியின் முன் சிறிது நேரம் நின்றார், வெறுங்கையுடன் திரும்பினார். "ஊரிலே ஒருவர் படலையைத் திறக்கும்போதே நான் கேத்திலை அடுப்பில் வைத்துவிடுவேன், தம்பி. இங்கே மகன் எழும்பி அந்தப் பலகையைத் தட்டினால்தான் கோப்பி" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னாராயினும் அச்சொல் நம் நெஞ்சில் தைத்தது. வந்தவரை உபசரிக்கும் உரிமையன்றோ அவரிடமிருந்து நழுவியிருந்தது!

இப்பொறியின் வரலாறு சுவையானது. நீராவியின் துணையால் கோப்பி வடிக்கும் பொறியொன்றுக்கு 1884இல் இத்தாலியின் தூரின் நகரத்து அஞ்சலோ மொரியொண்டோ என்பவர் காப்புரிமை பெற்றார். 1901இல் மிலான் நகரத்து லூயிஜி பெசேரா, ஒவ்வொரு கோப்பையாக உடனுக்குடன் வடிக்கும் முறையை அமைத்தார். நீராவியின் அமுக்கம் சிறிது, வெப்பமோ பெரிது. ஆதலால் அக்காலக் கோப்பியில் கருகல் மணம் வீசிற்று. மிலானைச் சேர்ந்த அக்கிலே காஜியா, இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், வில்லும் நெம்புகோலும் பூட்டிய பொறியை ஆக்கினார். அதன் பின்னரே கோப்பியின் மேல் பொன்னிற நுரை படர்ந்தது. 1961இல் பாயெமா நிறுவனத்தின் ஈ61 என்னும் பொறி, மின்பம்பியினால் ஏறத்தாழ 9 வளிமண்டல அமுக்கத்தைச் சீராகத் தந்தது.

தட்டைக் கணினி செய்யும் தொழில் யாது? சுமார் 18 கிராம் தூளை இறுக்கி, 90 முதல் 96 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பமுடைய நீரை அதனூடே செலுத்தினால், 25 முதல் 30 செக்கன்களில் ஏறக்குறைய 36 கிராம் கோப்பி வடியும். இது பொதுவான கணக்கு. தூள் பருமனாயின் நீர் விரைந்தோடி, வடிநீர் சாரமற்றுப் புளிக்கும். மிக நுண்ணிதாயின் துளித்துளியாய் இறங்கிக் கசக்கும். பொறியினுள்ளே உள்ள உணரிகள் அமுக்கம், பாய்ச்சல், வெப்பம் ஆகியவற்றைக் கணந்தோறும் அளந்து புளூடூத் அலைவழியே அனுப்ப, திரையிலே அவை மூன்று வரைபுகளாக எழுகின்றன. முதலில் மெல்ல நனைத்து, பின் அமுக்கத்தை உயர்த்தி, ஈற்றில் படிப்படியாகத் தணிக்குமாறு முன்னரே வரைந்தும் வைக்கலாம். ஹொங்கொங்கில் தோன்றிய டீசன்ட் நிறுவனத்தின் டிஈ1 வரிசை இவ்வகைப் பொறிகளுள் பேர்போனது.

இதிலே ஒரு வியப்பு உண்டு. பழைய நெம்புகோற் பொறியில் வில் தளருந்தோறும் அமுக்கம் தானே தணியும். அத்தணிவே அக்கோப்பிக்கு இனிமை தந்தது என்பர் சுவைஞர். இன்று கணினிப் பொறி உடையோர் பலர் அப்பழைய வில்லின் தளர்ச்சியையே வரைபாக எழுதி, பொறியை அவ்வண்ணம் நடக்கச் செய்கின்றனர்.

அன்னையார் கூறியதை நாம் மாணவரிடம் எடுத்துரைத்தோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. "அம்மாவுக்கு அது தொந்தரவாயிருக்கும் என்று நானே முடிவு செய்துவிட்டேன், சேர். ஒரு நாளும் அவரைக் கேட்கவில்லை" என்றார். அன்று மாலையே திரையின் எழுத்துகளைத் தமிழில் அமைத்தார். அன்னையார் விரும்பும் அளவையும் சூட்டையும் பதிந்து, "அம்மாவின் கோப்பி" என ஒரே பொத்தானாக்கினார்.

மூன்றாம் நாட் காலை அன்னையார் தாமே தூளை இட்டு, பொத்தானைத் தொட்டார். மாணவர் திரையை நோக்கியிருந்தார். அன்னையாரோ கோப்பையை நோக்கியிருந்தார். சில செக்கன்களில், "சரியில்லை, சாயம் வெளிறிப் பாய்கிறது. தண்ணீர் எங்கேயோ வழி பிளந்துவிட்டது" என்றார். மாணவர் திரையைச் சுட்டினார். அமுக்கக் கோடு சரிய, பாய்ச்சற் கோடு மேலெழுந்து கொண்டிருந்தது. தூள் ஒரு புறம் இளகியிருந்தமையால் நீர் அவ்வழியே ஓடியிருந்தது. கருவி எண்ணால் கூறியதையே அன்னையார் கண்ணால் கூறினார். மறுமுறை தூளைச் சமனாக இறுக்கி வடித்த கோப்பியை நமக்கு முதலில் தந்தார். அதன் சுவையினும் அதை நீட்டிய கையின் பெருமிதம் நம் நினைவில் நிற்கின்றது.

கல்லூரியிலும் இதனை நாம் காண்கிறோம். மாணவன் ஒருவனின் புள்ளிகள் தவணைக்குத் தவணை குறைவதை வரைபு காட்டும். அவன் வீட்டில் உலை ஏறாத செய்தியை அவன் முகத்தை நோக்கும் ஆசிரியரே அறிவார். வரைபு வேண்டாம் என்பது நம் கருத்தன்று. நேற்றுச் செய்ததை மறவாது வைத்திருப்பதற்கும், பிழை நேர்ந்த கணத்தைச் சுட்டுவதற்கும் அது நல்ல சாட்சி. தீர்ப்பு வழங்கவேண்டியவர் வேறொருவர்.

புதிய கருவி வாங்குவோர் அதன் விலையையும் வேகத்தையும் விசாரிக்கின்றனர். "இவ்வீட்டில் இதுகாறும் இத்தொழிலைச் செய்தவர் யார்? நாளையும் அவர் இதனைச் செய்யக் கூடுமா?" என்றும் விசாரித்தல் நன்று. அதனைக் கடைக்காரரிடம் கேட்டுப் பயனில்லை. நம் வீட்டு அடுப்படியில் நிற்பவரிடமே கேட்டல் வேண்டும்.