நமக்கென்று ஓர் ஏடு எங்கே?



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று சங்கத் தம்பிகள் வந்து நின்றதும், கவிதை கேட்கிறார்களோ என்று பயந்துவிட்டேன். கட்டுரைதானாம். பிழைத்தீர்கள்.

தேவாரம் பக்கம் லேப் டெக்னீஷியனுக்கு இன்றைக்கும் ‘ரத்தம் எடுக்கிற தம்பி’ என்றுதான் பேர். டிப்ளமோ, மைக்ராஸ்கோப் எல்லாம் இருந்தும் பேர் மட்டும் மாறலை. இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் நம் ஆட்களுக்கு வெறும் ‘அசிஸ்டென்ட்’ பட்டம்தான். 1912-ல் ஆல்பர்ட் நார்மன் என்ற உதவியாளர் தன்னைப் போன்றவர்களைத் திரட்டிச் சங்கம் கண்டார். 1942-ல் அது இன்ஸ்டிட்யூட் ஆனது. அவர்களுடைய பத்திரிகையின் அட்டையை மட்டும் பாருங்கள். 1951-ல் ‘ஜர்னல் ஆஃப் மெடிக்கல் லேபரட்டரி டெக்னாலஜி’. 1976-ல் ‘மெடிக்கல் லேபரட்டரி சயின்சஸ்’. 1993-ல் ‘பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் பயோமெடிக்கல் சயின்ஸ்’. உதவியாளர் விஞ்ஞானியான கதை அந்த அட்டைகளிலேயே இருக்கிறது. யாரும் தூக்கிக் கொடுத்த பட்டமில்லை அது; பெஞ்சில் கண்டதை எழுதி எழுதி வாங்கியது.

நம் நாட்டில் டாக்டர்கள் முந்திக்கொண்டார்கள். 1904-ல் சென்னையில் டாக்டர் யூ. ராமராவ் ‘ஆன்டிசெப்டிக்’ மாத இதழைத் தொடங்கினார். 1923-ல் பொதுமக்களுக்காக ‘ஹெல்த்’. பின்னாளில் இரண்டும் நம்ம மதுரையிலிருந்தே வெளிவந்தன. பஸ் ஏறினால் போய்விடுகிற தூரம்!

தமிழில் இதெல்லாம் நடக்குமா என்பார்கள். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் டாக்டர் சாமுவேல் கிரீன் 1864 முதல் மருத்துவத்தையே தமிழில் சொல்லிக் கொடுத்தார். 1875-ல் ‘கெமிஸ்தம்’ என்று வேதியியல் நூலும் வந்தது. வெள்ளைக்காரருக்கு வந்த தமிழ் நமக்கு வராதா?

எழுதச் சரக்கு இருக்கா என்று கேட்காதீர்கள். நம் ஊரில் எடுத்த ரத்தத்தைச் சாதாரண டியூபில் ஊற்றி, வெயிலில் தேனிக்குப் பஸ்ஸில் அனுப்புகிறோம் என்று வையுங்கள். பிரிக்காத ரத்தத்தில் அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். சூட்டில் இன்னும் கூட. சர்க்கரை நோயாளிக்கு ‘நார்மல்’ என்று ரிப்போர்ட் வரும். அவரும் சந்தோஷமாக மாத்திரையைக் குறைத்துக்கொள்வார். ஃபுளோரைடு போட்ட சாம்பல் மூடி டியூப் எதற்கு என்று ஏலத்தோட்டத்து ஆளுக்கும் புரிகிற தமிழில் எழுத நம்மைவிட்டால் யார்?

இன்னொன்று. ரிப்போர்ட்டில் நோயியல் முதுநிலை படித்த, பதிவுபெற்ற மருத்துவர்தான் கையெழுத்திட வேண்டும் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2021-ல் நம் போன்ற துறைகளுக்கென்று தேசிய ஆணையச் சட்டமும் வந்தது. இரண்டும் நம் சோற்றைத் தொடுகிற விஷயம். டீக்கடையில் காரசாரமாகப் பேசினோம். ஒரு வரி எழுதி வைத்தோமா? நம் பக்க நியாயத்தைக் கேட்டு யாராவது வந்தால் எதைக் காட்டுவது?

சங்கத்துக்கு என் வேண்டுகோள் சின்னதுதான். தனிப் பத்திரிகை வேண்டாம். விளம்பரம் பிடிக்கிற பாடு எனக்கும் தெரியும். அடுத்த மலரில் நான்கு பக்கம் லேப் மாணவர்களுக்கு ஒதுக்குங்கள். நோயாளி பேர் வராமல், கையில் வந்த ஒரு சாம்பிள், அதில் நேர்ந்த குழப்பம், கண்டுபிடித்த விதம் — இவ்வளவு போதும். பஸ்ஸில் போன ரத்தத்தைப் பற்றி முதல் கட்டுரை நானே தருகிறேன். பொங்கலுக்குள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.