நீங்கள் பள்ளிக்குப் போனபின் குட்டி எங்கே?



விடுமுறை வந்தாலே பல வீடுகளில் ஒரு கோரிக்கை எழும். "அப்பா, ஒரு நாய்க்குட்டி வாங்கிக் கொடுங்கப்பா!" அப்பா முதலில் முடியாது என்பார். "யார் சுத்தம் செய்வது?" என்பார் அம்மா. நீங்கள் விடுவீர்களா? "நானே குளிப்பாட்டுகிறேன், நானே சோறு வைக்கிறேன்" என்று கெஞ்சிக் கூத்தாடி, கடைசியில் காரியத்தைச் சாதித்து விடுவீர்கள்!

குட்டிக்குப் பெயர் தயார். கழுத்துப்பட்டை தயார். ஆனால், ஒரு கேள்விக்கு மட்டும் பதில் தயாராக இருக்காது. வீட்டில் எல்லோரும் வெளியே போய்விட்டால், குட்டி எங்கே இருக்கும்?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டவர்களில் நானும் ஒருவன்.

அப்போது எனக்குப் பதினோரு வயது. ஆறாம் வகுப்பு படித்துக் கொண்டிருந்தேன். எங்கள் தெரு நாய் போட்ட குட்டிகளில் ஒன்றை வீட்டுக்குத் தூக்கி வந்தேன். செம்மண் நிறம், நெற்றியில் மட்டும் வெள்ளைப் பொட்டு. மணி என்று பெயர் வைத்தேன். நான் எங்கே போனாலும் பின்னாலேயே ஓடி வரும். ஒரு நாள் வகுப்பறைக்குள்ளேயே வந்துவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மறுநாள் காலை, கொல்லைப்புறத்தில் துணி துவைக்கிற கல்லில் மணியைக் கயிற்றால் கட்டினேன். பக்கத்தில் வேப்பமரம். நல்ல நிழல். ஒரு கொட்டாங்கச்சியில் தண்ணீரும் வைத்தேன். வீட்டில் எல்லோரும் ஒரு விசேஷத்துக்காக வெளியூர் கிளம்பிக் கொண்டிருந்தார்கள். "சமர்த்தா இருடா" என்று மணியிடம் சொல்லிவிட்டுப் பள்ளிக்கு ஓடினேன்.

அது மார்ச் மாதம். காலை எட்டரை மணிக்குக் கல்லின்மேல் இருந்த நிழல், நண்பகலில் அங்கே இல்லை. சூரியன் மேலே ஏற ஏற, அது விலகிப் போய்விட்டது. மணியும் நிழலோடு நகர்ந்திருக்கும். ஆனால், கயிறு மூன்று அடிதான். கொட்டாங்கச்சியும் கவிழ்ந்து கிடந்தது. மாலையில் நான் வந்தபோது, நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு படுத்திருந்தது. தண்ணீர் தெளித்து மடியில் எடுத்து வைத்துக் கொண்டேன். என்னைப் பார்த்து ஒரே ஒரு முறை வாலை அசைத்தது. அன்று இரவே இறந்துவிட்டது.

யாரும் என்னைத் திட்டவில்லை. நல்ல இடம் என்று நினைத்துத்தான் நான் அங்கே கட்டினேன். நிழல் நகரும் என்பது ஆறாம் வகுப்புப் பையனுக்குத் தெரியாதா? தெரியும். பாடத்தில் படித்து, பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். கட்டும்போது அதை நினைத்துப் பார்க்கவில்லை. அவ்வளவுதான்!

குழந்தைகளே, வெயிலில் நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். வியர்வை உலரும்போது உடல் குளிரும். நாய்க்குப் பாதங்களில் மட்டும்தான் கொஞ்சம் வியர்க்கும். வாயைத் திறந்து, வேகவேகமாக மூச்சுவிட்டுத்தான் அது தன் உடல் சூட்டைக் குறைத்துக் கொள்கிறது. சுற்றிலும் உள்ள காற்றே சூடாக இருந்தால் அது என்ன செய்யும்?

அதனால் மொட்டை மாடியும், தகரக் கூரையின் அடியும் குட்டிக்கு ஏற்ற இடம் அல்ல. நிறுத்தி வைத்த கார் அதைவிட மோசம். வெயிலில் நிற்கும் காருக்குள், பத்தே நிமிடத்தில் வெப்பம் சுமார் 10 டிகிரி செல்சியஸ் கூடிவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் பெரிய பயன் இல்லை. "கடைக்குப் போய் இதோ வந்துவிடுகிறேன்" என்று பெரியவர்கள் சொன்னாலும், நீங்கள் விடாதீர்கள்.

பால்கனியில் விடலாமா? கம்பி இடைவெளியில் குட்டி நுழைந்து விழுந்துவிடக் கூடும். வாசல் கேட்டில் கட்டலாமா? போகிறவர் வருகிறவர் சீண்டுவார்கள். தெரு நாய்கள் வந்து கடிக்கும். மேலும், ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கும் தடுப்பூசிகளை எல்லாம் போட்டு முடிக்கும் வரை, வெளி நாய்களிடமிருந்து குட்டிக்கு நோய் தொற்றும் ஆபத்தும் உண்டு. சமையலறையும் வேண்டாம். நீங்கள் விரும்பித் தின்னும் சாக்லேட்டும் திராட்சையும், சாம்பாரில் போடும் வெங்காயமும் நாய்க்கு நஞ்சு!

அப்படியானால் எங்கேதான் வைப்பது? வீட்டுக்குள், ஜன்னல் உள்ள, காற்றோட்டமான ஓர் அறை போதும். அறை இல்லையென்றால், கூடத்தின் ஒரு மூலையைப் பலகை வைத்துத் தடுத்துக் கொள்ளலாம். மின்சார வயர், பினாயில், கொசுவர்த்தி, உங்கள் பென்சில் பாக்ஸ் எதுவும் அதற்கு எட்டக் கூடாது. குட்டிக்குப் பல் முளைக்கும் பருவம். கிடைப்பதை எல்லாம் கடிக்கும். கடிக்க ஒரு பொம்மை கொடுங்கள். கவிழாத, கனமான மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள். ஒரு பக்கம் பழைய துணி, மறு பக்கம் பழைய செய்தித்தாள். (எங்கள் சிறுவர் பகுதியை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்துவிடுங்கள்!)

இடம் சரியாகிவிட்டால் போதுமா? போதாது. இரண்டு மாதக் குட்டியால் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது. ஒரு நாளில் மூன்று, நான்கு முறை அதற்குச் சாப்பாடு வேண்டும். காலை எட்டு மணிக்குப் போய், மாலை ஐந்து மணிக்கு வரும் வீட்டில் அது தனியாக இருக்க முடியாது. நடுவில் வந்து பார்க்கப் பாட்டியோ, பக்கத்து வீட்டு அத்தையோ வேண்டும். தனியாக இருக்கவும் அதை மெல்ல மெல்லப் பழக்க வேண்டும். முதல் நாள் ஐந்து நிமிடம், பிறகு பத்து நிமிடம், பிறகு அரை மணி நேரம். 'போனவர்கள் திரும்பி வருவார்கள்' என்று புரிந்துவிட்டால், அழாமல் தூங்கும்.

இன்னொரு செய்தி தெரியுமா? நாயைக் குட்டைச் சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பதும், எப்போதும் கட்டியே வைத்து நடக்க விடாமல் இருப்பதும் நம் நாட்டில் குற்றம். 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் அப்படிச் சொல்கிறது. இப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று மாநிலங்களவையில் குரல் கொடுத்தவர், மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல். கலாக்ஷேத்ரா நடனப் பள்ளியை நிறுவியவர்தான்! 1962-இல் அமைந்த இந்திய விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே.

சரி, இப்போது ஒரு வீட்டுப்பாடம். வருகிற ஞாயிற்றுக்கிழமை, குட்டியை வைக்கலாம் என்று நீங்கள் நினைக்கும் இடத்துக்குப் போங்கள். காலை எட்டு, பதினொன்று, மதியம் இரண்டு, மாலை நான்கு என நான்கு முறை தரையில் உட்கார்ந்து பாருங்கள். நின்றுகொண்டு பார்க்கக் கூடாது. குட்டியின் உயரம் ஒரு சாண்தானே! வெயில் எங்கே விழுகிறது? காற்று வருகிறதா? என்னென்ன கைக்கு எட்டுகிறது? எல்லாவற்றையும் நோட்டில் எழுதி, அப்பா, அம்மாவிடம் காட்டுங்கள். குட்டி ஏற்கெனவே வந்துவிட்ட வீட்டிலும் இதைச் செய்யலாம்.

இடமும், பார்த்துக்கொள்ள ஆளும் இருந்தால், குட்டியை மகிழ்ச்சியாக வரவேற்கலாம். இல்லையென்றால், "இப்போது வேண்டாம், பிறகு வளர்க்கலாம்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அதுவும் அந்தக் குட்டிமேல் வைக்கும் அன்புதான்.

வேப்பமர நிழலைப் பார்க்கும்போதெல்லாம் இன்றும் எனக்கு மணியின் நினைவு வருகிறது. உங்கள் வீட்டுக் குட்டி, நீங்கள் வரும் நேரத்தில் வாசலுக்கு ஓடி வரட்டும்!

அன்புடன்,
ஆசிரியர் தாத்தா