தீக்கு டேப் பிடிக்கத் தெரியாது

2023 ஆகஸ்டில் குற்றாலநாதர் கோயில் பக்கத்துத் தற்காலிகக் கடைகள் பற்றி எரிந்தன. அத்தனை பக்கத்தில் அருவி இருந்து என்ன பயன்? கடைக்கே இந்தக் கதி என்றால், சீசன் கூட்டம் தூங்கும் லாட்ஜுக்கு?

தேசியக் கட்டட விதித்தொகுப்பு (2016) 15 மீட்டரிலேயே உயரக் கட்டடம் என்கிறது. தமிழ்நாட்டின் 2019 விதிகளுக்கோ 18.30 மீட்டரைத் தாண்ட வேண்டும். இடையில் ஏறக்குறைய ஒரு மாடி! தேசியத் தொகுப்பு வெறும் பரிந்துரை. தீயணைப்பு மாநிலத்தின் பொறுப்பு. புளியரையைத் தாண்டினால் கேரள விதி.

கூரையில் பொருத்தும் சாதாரண ஸ்பிரிங்ளர் சுமார் 68 டிகிரி சூட்டில் தானாகத் திறந்து தண்ணீரைப் பீய்ச்சும். செங்கோட்டையிலும் ஆரியங்காவிலும் அதே 68தான். எல்லைக்கு எல்லை மாறுவது சட்டம் மட்டுமே.

ஆள் தங்கும் விடுதி எத்தனை மாடியானாலும், நாடு முழுக்க ஒரே கட்டாய விதி வேண்டும். செலவு என்பார்கள். சீசன் வாடகையை ஏற்றும்போது அந்தக் கணக்கு எங்கே போகிறதாம்?