புழுவைச் சலிக்க ஒரு மெஷின் வேணும்!

மெக்கானிக்கல் மக்களே, ஃபைனல் இயர் புராஜெக்டுக்கு இன்னமும் லைன் ஃபாலோயர் ரோபோதானா? உங்க சீனியரோட சீனியரே அதைச் செஞ்சு, ஹெச்.ஓ.டி. கொட்டாவியும் விட்டாச்சு. இந்த வாரம் கொஞ்சம் நாத்தமடிக்கிற, ஆனா நிஜமான ஒரு பிராப்ளம் சொல்றேன். சாப்பிட்டுக்கிட்டே படிக்கிறவங்க தட்டை ஓரமா வெச்சுடுங்க!

பிளாக் சோல்ஜர் ஃப்ளைனு ஒரு கறுப்பு ஈ. இதோட புழு, காய்கறிக் கழிவு, மிச்ச சோறுனு எதைப் போட்டாலும் வெளுத்துக் கட்டும். கொழுத்த புழு, மீனுக்கும் கோழிக்கும் புரோட்டீன் தீவனம். அது போடுற எச்சம், செடிக்கு உரம். குப்பை ஒண்ணு, சரக்கு ரெண்டு! ஐரோப்பிய யூனியன்கூட பூச்சி புரோட்டீனை மீன் தீவனத்தில் 2017-லயும், கோழி, பன்றித் தீவனத்தில் 2021-லயும் அனுமதிச்சிடுச்சு.

சுவிட்சர்லாந்தின் ஏயாவாக் ஆராய்ச்சி நிறுவனம், இந்தோனேஷியாவின் சிடோயார்ஜோவில் இதைச் செஞ்சு பார்த்து, 2017-ல் ஒரு கையேடே போட்டது. கணக்கு சிம்பிள். 40×60 செ.மீ. பெட்டி, 10,000 குட்டிப் புழு, 15 கிலோ கழிவு, 12 நாள்.

அதுக்கப்புறம்தான் கதையே! பெட்டியில புழுவும் எச்சமும் ஒண்ணாக் கலந்து கிடக்கும். பிரிச்சாத்தான் ரெண்டுக்கும் விலை.

‘சல்லடையில போட்டு ஆட்டினா முடிஞ்சுது’னு கடைசி பெஞ்சில் ஒரு குரல் கேக்குது. வீட்டுல மாவு சலிக்கிறவங்களைக் கேளுங்க பாஸ். காஞ்ச மாவு சரசரனு இறங்கும். ஈரம் ஏறினா கட்டி கட்டியா ஓட்டையை அடைச்சுக்கும். எச்சமும் அப்படித்தான்.

அடுத்த சிக்கல், சலிக்கிறது உயிருள்ள பொருள். படுத்திருந்தா புழு கிட்டத்தட்ட 2 செ.மீ. நிமிர்ந்துட்டா சில மில்லிமீட்டர்தான். ஓட்டையைப் பெருசாக்கினா நெளிஞ்சு கீழே இறங்கிடும். சின்னதாக்கினா எச்சம் விழாது. ஆட்டத்தைக் கூட்டினா புழு நசுங்கி, அந்த ஈரத்துல மறுபடி அடைப்பு! தண்ணி அடிச்சுக் கழுவினா புழு பளபளனு வரும். ஆனா உரம் சேறாகிடும்.

அதனால மெஷினுக்கு முன்னாடி பெட்டியை டிசைன் பண்ணணும். கழிவை மெல்லிசாப் பரப்பணும், பெட்டிகளுக்கு நடுவுல காத்து போகணும், கடைசி நாட்கள்ல ஈரத் தீனியை நிறுத்தணும். தேவைப்பட்டா தவிடோ தேங்காய் நார்த்தூளோ கலக்கலாம். பொலபொலனு உதிர்ற எச்சம் கிடைச்சா, அதிர்ற சல்லடையோ, சுத்துற டிரம்மோ பாதி வேலைதான் செய்யணும்.

மீதி வேலையைப் புழுகிட்டயே விடலாம். வெளிச்சம்னா அதுக்கு அலர்ஜி. வலைமேல பரப்பி லைட் போட்டா, தானே கீழ்த்தட்டுக்கு இறங்கும். கூட்டுப்புழுவாகறதுக்கு முந்தின நிலையில, சாய்வுப் பலகை வெச்சா தானே ஏறி வெளியேயும் வந்துடும். என்ன, அதுக்குள்ள நிறம் கறுத்து, தோல் தடிச்சு, தீவனத் தரம் குறைஞ்சிடும். மோட்டார் மிச்சமா, தரம் முக்கியமா? இதுதான் டிசைன்!

பெரிய கம்பெனி இறக்குமதி மெஷின் வாங்கிடும். வீட்டுக் கொல்லையில இருபது பெட்டி வெச்சு வளர்க்கிறவருக்கு, கை சல்லடையும் மூக்கு நிறைய தூசியும்தான். அவர் வாங்கக்கூடிய விலையில, கழுவ சுலபமா, சின்னதா ஒண்ணு செஞ்சா, வைவா முடிஞ்ச அன்னிக்கே அது குடோனுக்குப் போகாது. ரெடிமேட் புராஜெக்ட் விக்கிற கடையில இது கிடைக்கவும் கிடைக்காது.

மூக்கைப் பொத்திக்கிட்டு யார் முதல்ல கை தூக்குறீங்க?